நடுவில் ஓடுகிற சேவகன்

தாலுகாக் கச்சேரியின் கதையை எழுத உட்காருகிறவர்கள் தாசில்தாரைப் பற்றி எழுதுவார்கள். ஜமாபந்திக்கு வந்த கலெக்டரைப் பற்றி எழுதுவார்கள். கொஞ்சம் தாராள மனசு உள்ளவர்களாக இருந்தால் ஹெட் குமாஸ்தாவுக்கும் இரண்டு வரி ஒதுக்குவார்கள். ஆனால் முன்பக்கத்து ஜன்னலுக்கும் பின்பக்கத்து ரிக்கார்டு அறைக்கும் நடுவே நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த சேவகனைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

அவன் வேலை என்ன? ஜன்னலில் நிற்பவர் ஒரு சீட்டில் சர்வே நம்பரை எழுதிக் கொடுப்பார். சேவகன் அந்தச் சீட்டோடு இருட்டறைக்குள் போவான். எந்த பீரோ, எந்தத் தட்டு, எந்தக் கட்டு என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கட்டைத் தூசு தட்டிக் கொண்டு வந்து குமாஸ்தாவின் மேஜையில் வைப்பான். கேட்கிறவருக்கு அறையைத் தெரியாது. அறையில் இருக்கிற காகிதத்துக்குக் கேட்கிறவரைத் தெரியாது. இரண்டு பக்கத்தையும் அறிந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு நாள் அவன் லீவு போட்டால்தான், அப்படி ஒருவன் இருந்ததே கச்சேரிக்கு ஞாபகம் வரும்.

திண்டுக்கல் சீமைக்காரர்களுக்கு இந்தத் தூரத்தின் அருமை நன்றாகத் தெரியும். 1792-ஆம் வருஷத்துச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நாடுகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அன்றிலிருந்து கம்பெனியாரின் கணக்கும், பிறகு ராணியின் கணக்கும், அதற்கப்புறம் நம்முடைய சொந்தச் சர்க்காரின் கணக்குமாகக் காகிதங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. 1985-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தனி மாவட்டமாகிற வரையில் திண்டுக்கல் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லா மட்டத்துக் காரியம் என்றால் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு சுமார் அறுபது கிலோமீட்டர் மதுரைக்குப் போக வேண்டும். நிலம் வேடசந்தூரில், ஜன்னல் மதுரையில். நடுவில் ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும்.

இன்றைக்கு வேடசந்தூர்ப் பக்கத்துச் சம்சாரி, வரப்பில் உட்கார்ந்தபடியே செல்போனில் தன் பட்டாவைப் பார்த்துவிடுகிறார். தமிழ்நாடு சர்க்கார் இணையத்தில் வைத்திருக்கிற நிலப் பதிவேட்டுப் பக்கத்தில் முதலில் மாவட்டத்தைக் கேட்கிறது. அவர் திண்டுக்கல்லைத் தொடுகிறார். தொட்ட மாத்திரத்தில் அடுத்த கட்டத்தில் பத்து வட்டங்கள் வந்து வரிசையாக நிற்கின்றன: திண்டுக்கல் கிழக்கு, திண்டுக்கல் மேற்கு, ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், ஒட்டன்சத்திரம், பழனி, கொடைக்கானல், வேடசந்தூர், குஜிலியம்பாறை. வட்டத்தைத் தொட்டால் கிராமங்களின் பெயர்கள் வருகின்றன. அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே இருக்கிறது. மறையவுமில்லை, வெளுக்கவுமில்லை, வேண்டிய இடம் மட்டும் நிரம்புகிறது.

அந்த அரை விநாடியில் யாரோ ஒருவர் ஜன்னலிலிருந்து அறைக்கு ஓடிப் போய்த் திரும்பி வந்திருக்கிறார் அல்லவா? அந்தச் சேவகனுடைய சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுவது நல்லது. சர்வர் என்றால் நம் ஊரில் ஓட்டலில் இட்லி கொண்டு வந்து வைக்கிறவர். கம்ப்யூட்டர் உலகத்துச் சர்வர் அப்படியில்லை. அது சமையலறையை விட்டு வெளியே வருவதே கிடையாது. எங்கோ ஒரு நகரத்தில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, கேட்டதற்குப் பதில் தயார் செய்துகொண்டிருக்கும். நம் கையில் இருக்கிற திரையில் பக்கங்களைக் காட்டுகிற மென்பொருளுக்கு உலாவி, அதாவது பிரவுசர், என்று பெயர். அதுதான் ஜன்னல். இரண்டாவது பெயர் லைப்ரரி. இது புத்தகசாலையைக் குறிக்காது. அடிக்கடி தேவைப்படுகிற காரியங்களை ஒருவர் ஒரு தடவை நன்றாக நிரலாக எழுதிவைத்து, மற்றவர்கள் எடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிற தொகுப்புக்கு அந்தப் பெயர். நம்முடைய சேவகன் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு லைப்ரரிதான். அதிலும் வேடிக்கை என்னவென்றால், அவன் சம்பளமில்லாத சேவகன்.

இணையம் பிறந்தபோது அவன் பிறக்கவில்லை. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989-ஆம் வருஷம் யோசனை சொல்லி, 1990-க்குள் செய்தும் காட்டிய வலை, பெரும்பாலும் படிப்பதற்காக ஏற்பட்டது. சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி. நோட்டீஸிடம் போய், ‘என் சர்வே நம்பர் இது, பட்டா எங்கே?’ என்று கேட்டால் அது என்ன செய்யும்? 1993-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி அந்த நிலையத்தார், இந்த வலையின் நிரலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கையெழுத்து வித்து என்று சொன்னால் தப்பில்லை.

அதே 1993-ல் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் நிலையத்தில் ராப் மெக்கூல் என்ற மாணவர் சர்வர் மென்பொருள் ஒன்றை எழுதினார். அதோடு கூட ஒரு சம்பிரதாயமும் உருவாயிற்று. ஜன்னலிலிருந்து கேள்வி வந்தால், சர்வர் அந்தக் கேள்விக்காகவே ஒரு நிரலை எழுப்பி, சீட்டை அதன் கையில் கொடுக்கும். அது பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடும். இதற்கு சி.ஜி.ஐ. என்று பெயர். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு புதுச் சேவகனை வேலைக்கு வைத்து, பதில் வந்ததும் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்புவது போன்ற ஏற்பாடு. பத்துப் பேர் வந்தால் சரி. பதினாயிரம் பேர் வந்தால் கச்சேரி முழுவதும் சேவகர்களே நிற்பார்கள். ஆனாலும் நோட்டீஸ் பலகை முதல் முதலாக வாய் திறந்து பதில் சொன்னது அப்போதுதான்.

சீட்டைப் படிப்பதும் லேசான காரியமாக இல்லை. உலாவி அனுப்புகிற எழுத்து ஒருவிதச் சங்கேதத்தில் இருக்கும். இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி நிற்கும். வேறு சில எழுத்துக்கள் சதவிகிதக் குறியும் எண்களுமாக மாறியிருக்கும். இதை அவிழ்க்கிற நிரலை ஒவ்வொருவரும் தாமே எழுதி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தவறினார்கள். மரபணு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த லிங்கன் ஸ்டைன் என்பவர் 1995-ஐ ஒட்டிப் பெர்ல் மொழியில் இதற்கென்று ஒரு லைப்ரரி எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். அதே வருஷம், கிரீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லெர்டார்ஃப், தம்முடைய சொந்தப் பக்கத்தை யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவதற்காக எழுதிய சில்லறை நிரல்களை வெளியிட்டார். அவைதாம் வளர்ந்து பி.எச்.பி. ஆயின. ராப் மெக்கூல் 1994-ல் இல்லினாயை விட்டுப் போனபின் அநாதையான சர்வர் நிரலை, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த எட்டுப் பேர் கூடித் தத்து எடுத்துக்கொண்டார்கள். 1995-ல் அப்பாச்சி என்று பெயர் சூட்டினார்கள். ஒரு வருஷத்துக்குள் உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படுகிற சர்வராக அது ஆகிவிட்டது. பெரிய கம்பெனிகள் பார்த்துக்கொண்டு நின்றன.

இந்த மனிதர்களின் பட்டியலை மறுபடி பாருங்கள். ஒரு மாணவர், ஒரு மரபணு விஞ்ஞானி, தம் பக்கத்துக்கு வந்து போகிறவர்களை எண்ணப் பார்த்த ஓர் இளைஞர், பழுது பார்த்துக்கொண்டிருந்த எட்டுப் பேர். யாரும் உலகத்துக்கு உபகாரம் செய்யப் புறப்படவில்லை. தம் வீட்டு வாசலைக் கூட்டப் போய்த் தெருவையே கூட்டிவிட்டார்கள்.

இவ்வளவு நடந்தும் ஒரு குறை இருந்தது. கேள்வி கேட்ட ஒவ்வொரு தடவையும் பக்கம் முழுவதும் மறைந்து, திரை வெளுத்து, புதுப் பக்கம் வரும். மாவட்டத்தைச் சொன்னதும் ஜன்னலையே சாத்திவிட்டு, ‘அந்த ஜன்னலுக்குப் போ’ என்று அனுப்புவது போல. அங்கே போனால் வட்டத்தைச் சொல்ல வேண்டும், மறுபடியும் சாத்திவிடுவார்கள்.

இந்தக் குறையைத் தீர்த்த வழி பிறந்த இடம் யாரும் எதிர்பாராதது. மைக்ரோஸாப்ட் கம்பெனியார் தங்களுடைய அவுட்லுக் கடிதங்களை உலாவியிலேயே படிக்க ஒரு சாதனம் செய்துகொண்டிருந்தார்கள். புதுக் கடிதம் வந்ததா என்று பார்க்கப் பக்கம் முழுவதையும் புதுப்பிப்பது அசிங்கமாக இருந்தது. அலெக்ஸ் ஹாப்மன் என்ற பொறியாளர், பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் சர்வரோடு ரகசியமாகப் பேசுகிற ஒரு சிறு கருவியை எழுதினார். 1999-ஆம் வருஷம் மார்ச்சில் வெளியான அந்தக் கம்பெனியின் ஐந்தாம் பதிப்பு உலாவியில், வேறொரு மூட்டைக்குள்ளே அதைச் செருகி அனுப்பினார்கள். மற்ற உலாவிக்காரர்களும் பின்னால் அதைப் போலவே செய்துகொண்டார்கள். இருந்தாலும் ஐந்தாறு வருஷம் அது புழக்கடைக் கதவு போலவே இருந்தது. தெரிந்தவர்கள் மட்டும் நுழைந்தார்கள்.

2004-ல் கூகிளின் ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் அதே கம்பெனியின் வரைபடம் வந்தது. படத்தைப் பிடித்து இழுத்தால் பூமி நகர்ந்தது, பக்கம் மறையவில்லை. அந்த மாதம் 18-ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் ஒரு கட்டுரை எழுதி, இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். குளித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெயர் வைக்காத பிள்ளையை யாரும் கூப்பிடுவதில்லை. பெயர் வைத்ததும் ஊரே கூப்பிட்டது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்துக்குள் இந்த வேலைக்கென்றே லைப்ரரிகள் மழைக்கால ஈசல் போலக் கிளம்பின.

ஏன் இத்தனை? அந்தக் காலத்து உலாவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசின. பழனிக்காரரும் நத்தத்துக்காரரும் பேசுகிற தமிழில் உள்ள வித்தியாசம் போல இருந்தால் சமாளித்துவிடலாம். இது தமிழுக்கும் தெலுங்குக்கும் உள்ள வித்தியாசமாக இருந்தது. எல்லா ஜன்னலின் பாஷையும் தெரிந்த ஒரு சேவகன் தேவைப்பட்டான். சாம் ஸ்டீஃபன்சன் புரோட்டோடைப் என்ற லைப்ரரியை எழுதினார். 2006 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்தில் இருபத்தொரு வயது ஜான் ரெசிக், ஜேக்வரி என்பதை அறிமுகம் செய்தார். இன்றும் உலகத்து இணையதளங்களில் பாதிக்கு மேல் அதனுடைய நிரல் இருந்துகொண்டிருக்கிறது.

எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது அவ்வளவு புகழ் பெறாத ஒன்று. இங்கிலாந்துக்காரரான ஜோ வாக்கர் 2005-ல் வெளியிட்ட டி.டபிள்யூ.ஆர். என்ற லைப்ரரி. மற்ற லைப்ரரிகள் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடின. இது ஒரு படி மேலே போய், ஓட்டமே தெரியாதபடி செய்தது. சர்வரில் ஜாவா மொழியில் ‘வட்டங்களைக் கொடு’ என்று ஒரு வேலைக்காரி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.டபிள்யூ.ஆர். அவளுடைய நிழல் ஒன்றை உலாவியில் கொண்டு வந்து நிறுத்திவிடும். உலாவியில் நிரல் எழுதுகிறவர், அவள் தம் பக்கத்திலேயே இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு கூப்பிடுவார். நிழல் கேள்வியை வாங்கி, கடல் தாண்டி அனுப்பி, பதிலை வாங்கி வந்து கொடுக்கும். அதோடு, கேட்காமலே அறையிலிருந்து ஜன்னலுக்குச் செய்தி அனுப்பவும் அதனால் முடிந்தது.

அதில் இன்னொரு நல்ல குணமும் இருந்தது. சர்வரில் உள்ள எந்தெந்த வேலையை வெளியார் கூப்பிடலாம் என்று ஒரு ஜாபிதா எழுதிவைத்தால்தான் அது கதவைத் திறக்கும். ஜாபிதாவில் இல்லாத அறையின் பக்கம் சேவகன் தலைவைத்தும் படுக்கமாட்டான். நல்ல கச்சேரிச் சேவகனுக்கும் இதுதானே லட்சணம்?

பம்பாயில் இதே யோசனை வேறு ரூபத்தில் முளைத்தது. ருஷப் மேத்தா என்பவர் தம் குடும்பத்து மரச்சாமான் தொழிலுக்குக் கணக்கு மென்பொருள் தேடிப் பட்ட பாட்டிலிருந்து, தாமே ஒன்று எழுதத் தொடங்கினார். அதற்கு இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்று பெயர். அதற்கு அஸ்திவாரமாக இருக்கிற ஃபிராப்பே என்ற தொகுப்பு, பைதான் மொழியில் எழுதிய சர்வர் வேலைகளை உலாவியிலிருந்து கூப்பிட வழி செய்கிறது. அங்கேயும் ‘இதை வெளியார் கூப்பிடலாம்’ என்று நிரலின் தலையில் ஒரு வரி எழுதினால்தான் கூப்பிட முடியும். இரண்டையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். நம் தேசத்திலிருந்து இந்தப் பொதுக் களஞ்சியத்துக்குப் போன நல்ல நெல் அது.

சேவகன் தமிழ் கற்றுக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. ‘ஒட்டன்சத்திரம்’ என்ற பெயர் ஜன்னலிலிருந்து அறைக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால், வழியில் உள்ள அத்தனை பேரும் அதை ஒரே விதமாக எழுத ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மாறி எழுதினாலும் மறுமுனையில் கேள்விக்குறிகளின் ஊர்வலம்தான் வந்து சேரும். 1991-ல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் வெகுகாலம் ஆளுக்கு ஓர் எழுத்துரு, ஊருக்கு ஒரு குறியீடு என்று நாம் இருந்தோம். 2010-ல் தமிழ்நாடு சர்க்கார் யூனிகோடைத் தரமாக ஏற்றது. வேடசந்தூர்ச் சம்சாரி தம் கிராமத்தின் பெயரைத் தமிழிலேயே பார்ப்பதற்குப் பின்னால் இந்தப் பஞ்சாயத்தும் இருக்கிறது.

இனி பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். திண்டுக்கல்லைப் பற்றிப் பேசிவிட்டுப் பூட்டைப் பற்றிப் பேசாமல் போனால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கையால் அராவி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவியாகச் செய்யப்படுவது. மாங்காய்ப் பூட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும்; வாங்கினவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: ‘உங்கள் சேவகனுடைய நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறீர்களே, திருடனும் படிப்பானே?’

இது நூற்றெழுபது வருஷத்துக்கு மேற்பட்ட கேள்வி. லண்டனில் பிரமா என்ற பூட்டுக் கம்பெனி, தன் பூட்டைத் திறக்கிறவருக்கு இருநூறு கினி பரிசு என்று கடை ஜன்னலில் பல வருஷங்களாக எழுதிவைத்திருந்தது. 1851-ல் அங்கே நடந்த மகா பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர், முதலில் சப் கம்பெனியின் பூட்டைச் சில நிமிஷங்களில் திறந்தார். பிறகு பிரமா பூட்டோடு பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணி நேரம் மல்லுக்கட்டி அதையும் திறந்தார். லண்டனே கிடுகிடுத்தது. பூட்டின் பலவீனத்தைப் பகிரங்கமாகப் பேசுவது திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகும் என்று பலர் சீறினார்கள். திருடர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாதவர்கள் வீட்டுக்காரர்கள்தாம் என்பது ஹாப்ஸ் கட்சி. 1883-ல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற சங்கேத எழுத்து நிபுணர் இதையே சூத்திரமாக்கினார்: யந்திரம் எதிரியின் கையில் சிக்கினாலும் கெடுதல் வரக் கூடாது, சாவி ஒன்றுதான் ரகசியமாக இருக்க வேண்டும். இன்றைக்குப் பாங்கிப் பணத்தைக் காக்கிற முறைகளெல்லாம் இந்தச் சூத்திரத்தின்மேல் நிற்கின்றன. திறந்த நிரலும் அப்படித்தான். பூட்டின் படத்தை ஊருக்குக் கொடுப்பார்கள். உங்கள் சாவி உங்கள் மடியிலேயே இருக்கும்.

ஆனால் இந்தச் சமாதானத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. படத்தை ஊருக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. ஊரில் யாராவது அதைப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் இது உறைத்தது. லாக்-ஃபோர்-ஜே என்று ஒரு லைப்ரரி. ஜாவாவில் எழுதிய சர்வர்களில் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று நாட்குறிப்பு எழுதுவது அதன் தொழில். 2013-ல் அதில் சேர்த்த ஒரு சௌகரியத்தால், ஜன்னலிலிருந்து வந்த சீட்டில் ஒரு குறிப்பிட்ட மாதிரி எழுதியிருந்தால், குறிப்பு எழுதுகிற குமாஸ்தா அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து நிரலைக் கொண்டு வந்து ஓட்டிவிடுவார். எட்டு வருஷம் அது யார் கண்ணிலும் படவில்லை. 2021 நவம்பர் 24-ஆம் தேதி சீனாவின் அலிபாபா கம்பெனிப் பொறியாளர் ஒருவர் அப்பாச்சிக்காரர்களுக்குத் தெரிவித்தார். டிசம்பர் இரண்டாவது வாரத்தில் விஷயம் ஊரெல்லாம் பரவியது. பிள்ளைகள் விளையாடுகிற மைன்கிராஃப்டில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே சர்வரைக் கைப்பற்றலாம் என்று கண்டார்கள். ஆபத்தின் அளவைப் பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டார்கள்.

உலகத்துப் பெரிய கம்பெனிகளும் சர்க்கார்களும் அந்த லைப்ரரியின்மேல் உட்கார்ந்திருந்தன. அதைப் பராமரித்தவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, ராத்திரியில் இந்தத் தொண்டைச் செய்தவர்கள். அந்த வாரம் அவர்கள் தூங்கவில்லை. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தச் சம்பவம்தான். கதை படிக்கிற நமக்கு நிரல் எழுதுகிறவர் கவலை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். ஆனால் இந்த மாதிரி ஒரு கதையை நம் சமவெளியில் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறோம். திண்டுக்கல்லைச் சுற்றிய மானாவாரிப் பூமியில் மழை பெய்தால் நீரைப் பிடித்துவைக்கக் கண்மாய்களும் குளங்களும் இருந்தன. தண்ணீர் எல்லோருக்கும்; ஆகையால் வண்டல் எடுப்பதும், கரை கட்டுவதும், மடையைச் செப்பனிடுவதும் எல்லோருக்கும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரன் 1858-ல் அதைக் கட்டாயச் சட்டமாக்கிப் பார்த்தான். வழக்கமாக இருந்தது சட்டமானதும் கட்டாயம் மிஞ்சியது, வழக்கம் மங்கியது. பம்பு செட்டு வந்ததும், கண்மாயை மறந்து அவரவர் கிணற்றைப் பார்த்தார்கள். வண்டல் ஏறியது. அது ஒரு நாளில் ஏறவில்லை. கரை உடைந்த அன்றைக்குத்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

திறந்த லைப்ரரி ஒரு கண்மாய். ஒருவர் மொண்டால் மற்றவருக்குக் குறையாது என்பது கண்மாயை விட அதற்குள்ள விசேஷம். அதனாலேயே மொள்ளுகிறவர்களுக்கு மராமத்து ஞாபகம் வருவதில்லை. இன்னொரு விநோதமும் உண்டு. நன்றாக வேலை செய்த சேவகனுக்குச் சில சமயம் வேலையே இல்லாமல் போய்விடுகிறது. ஜேக்வரி சொல்லிக் கொடுத்த வித்தைகளில் பலவற்றை உலாவிகள் தாமே கற்றுக்கொண்டன. 2015-லிருந்து சர்வரோடு பேசுவதற்கான எளிய கருவி உலாவிக்குள்ளேயே வரத் தொடங்கியது. ஜோ வாக்கரின் டி.டபிள்யூ.ஆர். மெல்ல மெல்ல ஓய்ந்தது. அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். அது செய்து காட்டிய காரியம் இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. ஆனால் பழைய கச்சேரிகள் பலவற்றில் அந்த ஓய்ந்த சேவகர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரியாது.

வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனி தேசத்துச் சர்க்கார் 2022-ல், இப்படிப்பட்ட பொது நிரல்களைப் பராமரிக்கிறவர்களுக்குப் பணம் கொடுக்க ஒரு நிதி ஏற்படுத்தியது. லாக்-ஃபோர்-ஜே-காரர்களுக்கும் அதிலிருந்து உதவி கிடைத்தது. பெங்களூரில் பங்கு வியாபாரம் நடத்துகிற ஜெரோதா கம்பெனி 2024 அக்டோபரில், வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் இதற்கென்று ஒதுக்குவதாக அறிவித்தது. திறந்த நிரலால் வளர்ந்தோம், ஆகவே திருப்பிக் கொடுக்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. அது தர்மக் கணக்கு என்பதை விட மராமத்துக் கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

நம் சர்க்காருக்கும் இதெல்லாம் புதிதல்ல. 2007-ஐ ஒட்டி எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011 செப்டம்பரில் தொடங்கிப் பல வருஷங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. அவற்றில் ஒட்டன்சத்திரத்துக்கும் குஜிலியம்பாறைக்கும் வந்து சேர்ந்தவை எத்தனையோ. தமிழில் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக் கொடுக்கக் கணியம் என்ற இதழ் 2012-ல் தொடங்கியது. விழுப்புரத்தில் லினக்ஸ் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள். காந்திகிராமத்துக் கிராமியப் பல்கலைக்கழகம் 1956-லேயே, கிராமத்துக்கு உதவாத படிப்பு படிப்பாகாது என்ற எண்ணத்தோடு தொடங்கியது. இன்றைக்கு அங்கே கம்ப்யூட்டர் சாஸ்திரமும் கற்பிக்கிறார்கள்.

ஆகவே ஆள் பஞ்சம் இல்லை. நிலப் பதிவேட்டுக்காக இந்தப் பொதுக் கண்மாயில் தண்ணீர் மொள்ளுகிற சர்க்கார், அதில் ஒரு சிறு பங்கை மராமத்துக்கு ஒதுக்கலாம். சம்பளத்தோடு நாலு பிள்ளைகளை உட்காரவைத்து, ‘உங்கள் ஊர்ப் பட்டா எந்தெந்த நிரல் வழியாக வருகிறதோ, அதையெல்லாம் படித்துப் பாருங்கள், ஓட்டை இருந்தால் அடையுங்கள், அடைத்ததை உலகத்துக்கே திருப்பிக் கொடுங்கள்’ என்று சொல்லலாம். கண்மாய்க்குக் கரை போடுகிறவனுக்குக் கூலி கொடுப்பதை யாரும் தண்டச் செலவு என்று சொல்லமாட்டார்கள்.

அது வரையில், வேடசந்தூர்ச் சம்சாரி தம் வட்டத்தைத் தொடும்போதெல்லாம், முகம் தெரியாத யாரோ ஒருவர் ராத்திரி கண் விழித்து எழுதிய வரிகள் அவருக்காக ஓடிப் போய்ப் பதிலை வாங்கிக்கொண்டு வரும். அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. நமக்குத் தெரிந்திருந்தால் நல்லது.